பரங்கிக்கொடிக்கு அடியில் ஒரு குடித்தனம்

மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், வாயை விட்டதுதான். "இந்த வருஷம் நவராத்திரி பாட்லக்குக்கு பரங்கிக்காய் புளிக்குழம்பு என்னோடது. காய் எங்க கார்டன்லேர்ந்து" என்று, வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் அந்த விருந்துக்கான வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். போன வருஷம் நான் கடையில் வாங்கிய பட்டர்நட் பூசணியைப் போட்டுச் செய்ததை எல்லோரும் சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

களை எடுப்பது என் கணவரின் இலாகா. "கெமிக்கல் எதுக்கு? மெஷின் இருக்கே" என்று பேட்டரியில் ஓடும் குட்டி உழவு இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். சனிக்கிழமைதோறும் கொடிகளை ஒதுக்கிவிட்டு ஒரு புல் விடாமல் உழுவார். கோலத்துக்குக் காத்திருக்கும் வாசல் மாதிரி மண் சுத்தமாகக் கிடக்கும். பக்கத்துப் பாத்தித் தமிழ் அங்கிள்கள் பாராட்டி, அந்த மெஷினுக்கு லிங்க் கேட்பார்கள். இவருக்குத் தலைகால் புரியாது.

பூ என்னவோ நிறையப் பூத்தது. காய்தான் இல்லை. கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு வரும், மஞ்சளாகும், அழுகி விழும். வெயில் ஏறினால் கொடியும் துவண்டுவிடும்.

"உன் வாட்ஸ்அப்தான் காரணம். கண்ணு பட்டுடுச்சு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிறு காலை, பிஞ்சு ஏதாவது தேறியதா என்று பார்க்கத் தனியாகப் போனேன். முந்தின நாள் உழுத மண்மேல் ஒரு தேனீ சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கி நடந்தது, தேடியது, மறுபடி எழும்பியது. கால் முழுக்கப் பரங்கிப்பூவின் மகரந்தம். வேலை முடிந்து வந்தவள் வீட்டைக் காணாமல் அலைவது போலிருந்தது. வேலி ஓரத்தில், மெஷின் நுழையாத ஒரு சாண் இடத்தில் மட்டும் சின்னச் சின்ன ஓட்டைகள். எறும்புப் புற்று என்று நினைத்திருந்தோம். இன்னொரு தேனீ வந்து நேராக அதற்குள் போனது.

போனில் தேடினேன். பரங்கிப்பூவே கதி என்றிருக்கும் தேனீயாம் அது. பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்க வைப்பதும் அதுதானாம். கொடிக்கு அடியிலேயே வளை தோண்டி முட்டையிடுமாம். குஞ்சுகள் அடுத்த கோடை வரை மண்ணுக்குள்ளேயே கிடக்குமாம். பரங்கியின் வேர்கூட மேலாகத்தான் ஓடுமாம். விஷம் வைக்காத பெருமையில், வளையையும் வேரையும் வாராவாரம் புரட்டிப் போட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து அவரிடம் தேனீயின் படத்தைக் காட்டினேன். "ஆர்கானிக்னு ஊரெல்லாம் சொன்னேனே" என்றார். திட்டலாம் என்று போனவள், முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

மெஷின் கராஜுக்குப் போனது. களையைக் கத்தரியால் மேலோடு வெட்டினோம். அதில் பாதி, இந்தியன் கடையில் தேடித் தேடி வாங்கும் பருப்புக்கீரை. அதையும் இத்தனை நாள் உழுதே தீர்த்திருக்கிறார்.

ஒரே ஒரு காய் பிடித்தது. நவராத்திரி வரை நிற்குமா என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நின்றது. பாட்லக்கில் ஆளுக்கு ஒரு துண்டுதான் என்று கரண்டியை நானே பிடித்துக்கொண்டேன். யாரும் சர்க்கரைவள்ளி என்று சொல்லவில்லை.

குளிருக்கு முன் தோட்டத்து டிராக்டர் எல்லாப் பாத்தியையும் உழும். அதற்கு முதல் நாள் இவர் ஒரு பலகை நட்டார். மேலே ஆங்கிலத்தில், உழவேண்டாம். கீழே தமிழில், குழந்தைகள் தூங்குகிறார்கள்.

"டிராக்டர்காரருக்குத் தமிழ் தெரியுமா?"

"அவருக்கு மேல இருக்கறது போதும். கீழ இருக்கறது நம்ம அங்கிள்களுக்கு. எல்லாருக்கும் மெஷின் லிங்க் அனுப்பினது நான்தானே" என்றார்.