சாமத்தியவீட்டுக்காக ஒரு தபால் வாக்கு

இன்று ஜெர்மனியின் ஹம் நகரச் சந்தையில் நடந்ததைச் சுடச்சுட எழுதுகிறேன்.

2005 மாநிலத் தேர்தல் வருகிறதல்லவா? எங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினர், ஒரு பெண்மணி, குடையின் கீழ் நின்று எல்லோருக்கும் பேனா கொடுத்துக்கொண்டிருந்தார். என்னோடு வந்த புஷ்பா அக்கா பேனாவைக் கவனிக்கவேயில்லை.

"காரணம் கேக்காமல் தபாலில வாக்குப் போட விடுங்கோ. சட்டம் உங்கட கையிலதானே?"

"ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் போட்டால் என்ன?" என்றார் அவர்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஜெர்மன் குடியுரிமை கிடைத்த பிறகு இது அவருடைய முதல் வாக்கு. தேர்தலன்றுதான் ஸ்டுட்கார்ட்டில் தங்கையின் மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. எங்கள் கொண்டாட்டம் எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதானே!

"நகரசபையில தபால் வாக்குக் கேட்டன். காரணம் சொல்லோணும் எண்டாங்கள், சாமத்தியவீடு எண்டன். சாமத்தியவீடு எண்டால் என்னெண்டு அங்க இருந்த பெடியன் கேட்டான். வரிசையில நிண்ட சனம் முழுக்கக் கேக்க, பிள்ளை பெரிசான கதையை விளங்கப்படுத்தினன். இனி ஏலாது!"

உறுப்பினர் விழுந்து விழுந்து சிரித்தார். "சபையில் கட்டாயம் பேசுகிறேன்" என்று கைகொடுத்தார்.

அக்காவுக்கு வாயெல்லாம் பல். உடனே கைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து நீட்டினார்.

"நீங்களும் குடும்பமா வாங்கோ."

"அன்றைக்குத் தேர்தலாயிற்றே!"

"அதுக்கென்ன? தபாலில போட்டிட்டு வாங்கோ."

"காரணம் கேட்பார்களே, என்ன சொல்வது?"

"சாமத்தியவீடு எண்டு சொல்லுங்கோ. அந்தப் பெடியனுக்கு இப்ப வடிவாத் தெரியும்."

நீங்களெல்லாம் என்ன காரணம் சொன்னீர்கள்? வெட்கப்படாமல் எழுதுங்கள்.