சாப்பாட்டுக்குப் பின் கால்மணி நேரம்

கம்பெனி பஸ்ஸில் யாராவது தைவான் என்று வாயெடுத்தால் போதும், தபீதாள் ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, சண்டைக்குத் தயாராகிறவர் மாதிரி நன்றாகத் திரும்பி உட்காருவார். கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும். அங்கே பாம்பு சாப்பிடுவார்களாமே?

"ஆறு மாசத்துல ஒரு பாம்பு பாக்கல நானு. நம்ம முடிச்சூர்ல மழை பேஞ்சா வூட்டுக்குள்ளயே வருது, அத்தக் கேளு."

முடிச்சூரிலிருந்து படப்பை வழியாக ஒரகடம் போகிறவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வரிசைக்கு லைன் லீடர். கையின்கீழ் முப்பத்தெட்டுப் பெண்கள். போன வருடம் புது மெஷின் பழகிவரக் கம்பெனி அவரை ஆறு மாதம் தைவானுக்கு அனுப்பியது. அவர் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள். அப்படிப் போய்வந்தவரிடம் கேட்க ஊருக்குப் பாம்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுதான் அவருடைய ஆத்திரம்.

சொல்வதற்கு எவ்வளவோ வைத்திருந்தார். அங்கே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். தெருவே பையும் கையுமாகக் காத்திருந்து தானே வண்டியில் போடும். அந்த வரிசையில் மேனேஜரும் நிற்பார். பக்கத்து வீட்டு அம்மாள் இவர் பச்சைத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, பாஷை தெரியாமலே திட்டி, வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். குறைகளையும் ஒளிக்க மாட்டார். சோற்றில் உப்பு கிடையாது. தெருமுனையில் சோயாக் கட்டியை நொதிக்கவைத்துப் பொரிக்கிற நாற்றம் மூக்கைப் பிய்க்கும். சர்ச்சுக்கு இரண்டு ரயில் மாற வேண்டும்.

மத்தியானத் தூக்கத்தின் கதைக்கு வரும்போது மட்டும் குரல் தணியும். சாப்பாடு முடிந்ததும் தொழிற்சாலையில் விளக்கை அணைத்துவிடுவார்களாம். பெரிய அதிகாரி முதல் பெட்டி தூக்குகிறவர்வரை மேசையில் தலை கவிழ்ப்பார்களாம். முதல் நாள் தபீதாளுக்கு இது தெரியாது. யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார், துக்கம் அனுசரிக்கிறார்கள் என்று எண்ணி, எழுந்து நின்று, கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். பக்கத்திலிருந்த பெண்தான் கையைப் பிடித்து உட்காரவைத்து, தன் குட்டித் தலையணையில் பாதியை இவர் பக்கம் நகர்த்தினாள்.

ஒரகடத்திலும் தைவானிலிருந்து வந்த என்ஜினியர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். மாடியறையில் மத்தியானம் தூங்குவார்கள். 'சத்தம் போடாதீர்கள்' என்று கதவில் தமிழில் தாள் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் மனிதவள மேலாளர் ராஜாராமன். கீழே கேன்டீனில் தபீதாளும் தினம் கால்மணி நேரம் கண்ணயர்ந்தார். அவர் வரிசையில் இருப்பவர்கள் விடிகாலை நாலரைக்கு எழுந்து, சமைத்துவைத்துவிட்டுப் பஸ் ஏறுகிற பெண்கள். அவரைப் பார்த்து ஒவ்வொருத்தியாகத் தலைசாய்த்தார்கள். ஒரு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்த நாட்களில் பழுதென்று கழிக்கிற போர்டுகள்கூடக் குறைந்தன. மூன்றாம் வாரம் ராஜாராமன் கூப்பிட்டனுப்பினார்.

அதட்டவில்லை. விசிட்டர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று நயமாகத்தான் கேட்டார். மாடியில் தூங்குகிறார்களே என்று இவர் கேட்டதற்கு, அது அவர்கள் கல்ச்சர் என்றார்.

"மேல தூங்குனா கல்ச்சரு, கீழ தூங்குனா சோம்பேறித்தனமா சார்?"

தயாராக அடித்துவைத்திருந்த மன்னிப்புக் கடிதம் ஒன்று மேசைமேல் நகர்ந்து வந்தது. 'வேலை நேரத்தில் ஊழியர்களைத் தூங்க அனுமதித்தேன்.' கையெழுத்துப் போட்டால் லைன் லீடரின் மஞ்சள் தொப்பி தலையில் நிற்கும். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து மற்றவர்களைப் போல நீலத் தொப்பி. அந்த மஞ்சளை எட்ட தபீதாளுக்குப் பதினோரு வருடம் பிடித்திருந்தது.

"வேலை நேரம்னு போட்டுக்கீறீங்க. அது சாப்பாட்டு நேரம் சார், எங்க நேரம். அத்த மாத்துங்க, இப்பவே போட்டுத் தர்றேன்."

"ஒரு வார்த்தைக்குப் போயி ஏம்மா இவ்ளோ? ஒரு மணிக்குள்ள முடிவு சொல்லிடுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேன்டீனுக்கு இறங்கிவந்தார். மணி பன்னிரண்டு ஐம்பது. விஷயம் அவருக்கு முன்னாலேயே இறங்கி வந்திருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். வரிசையிலேயே இளையவளான ஜீவிதா எழுந்து வந்தாள்.

"எங்களால உங்களுக்கு பேஜாரு வேணாங்க்கா. போட்டுக் குடுத்துடுங்க. நாங்க இனிமே தூங்கல."

தபீதாள் அவளை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தலையிலிருந்த மஞ்சள் தொப்பியைக் கழற்றி, நாலாக மடித்து, மேசைமேல் வைத்து, அதன்மேல் கன்னத்தைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.