தட்டைக் கழுவி வைக்கிற விருந்தாளி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. நைனார்பாளையத்தில் காசியம்மாள் என்ற கூலிக்காரப் பெண்ணின் வீட்டுக்கு, செத்துப்போன புருஷன் இருசப்பன் தினமும் சாயங்காலம் வந்து சோறு தின்றுவிட்டு, தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறானாம். உயிரோடிருக்கும் புருஷர்களே தட்டைக் கழுவாத ஊரில் இது பெரிய செய்திதான். ஆனால் என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த களமருதூர் ஆதிமூலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காசியம்மாளின் மகள் தேவதர்ஷினியைத் தன் மகனுக்குப் பேசி வைத்திருந்தார்.

"பேய் பொழங்கற வூட்ல எப்படிங்க பொண்ணு எடுக்கறது? நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்து இன்னா ஏதுன்னு சொல்லுங்க," என்றார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் பேய்ப் பயம் கிடையாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுக்க மனம் வரவில்லை. போனேன்.

களை எடுப்பது, மரவள்ளி பிடுங்குவது, கரும்பு வெட்டுவது என்று காசியம்மாளின் ஆயுசெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கழிந்தது. புருஷன் போனபின் ஜெபக்கூட்டத்துக்குப் போய், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்று, பைபிளில் இருப்பதை இருக்கிறபடியே நம்பினாள். இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று படித்த அன்றே, இருந்த இரண்டு நல்ல சேலைகளில் ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி அதைக் கட்டிக்கொண்டே இவளோடு சண்டை போடுகிறாள்.

பைபிளின் கடைசிப் புத்தகத்தில், வாசலில் நின்று தட்டுகிறேன், திறந்தால் உள்ளே வந்து கூட உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று இயேசு சொல்கிறார். அதைப் படித்ததிலிருந்து, பொழுது சாயும்போது ஒரு தட்டில் சோறு போட்டுவிட்டு, கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு, மகளோடு வெளியே வந்து உட்கார்ந்துவிடுவாள். செத்தவர்களுக்குப் படையல் போட்டால் நம் பக்கம் செய்வதும் இதைத்தான். ஊர் தன் கணக்கைப் போட்டு, இருசப்பனைக் கொண்டுவந்து தட்டின் முன் உட்காரவைத்துவிட்டது.

"கூட உக்காந்து சாப்பிடுவேன்னுதானேம்மா இருக்குது? நீங்க ஏன் வெளிய வந்துடறீங்க?" என்று கேட்டேன்.

"பெரியவரு சாப்புடறப்ப எதிர்ல குந்திகினு வாயப் பாக்கறதா? நல்லா கேட்டீங்க."

வரிக்கு வரி நம்புகிறவர்களும் எங்கோ ஓரிடத்தில் வரியை விட்டுவிட்டு வழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அது இதயத்தின் கதவு, உவமை என்று பாஸ்டர் செழியன் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். "சாயந்தரம் கூலி தரேன்னு சொல்லிட்டு, சாயந்தரம் வந்ததும் அது உவமைன்னா வுடுவமா? எது உவமை, எது நெஜம்னு நீங்களே கோடு போட்டுக் குடுத்துடுங்க," என்று இவள் பென்சிலை நீட்டினாள். பாஸ்டர் பென்சிலோடு போனவர்தான்.

"வரேன் வரேன்னு சொன்னவங்கள நெறைய பாத்துட்டங்க. இவராவது சொன்ன சொல்லுல நிப்பாரான்னு பாக்கறேன்," என்றாள் என்னிடம்.

வீட்டைச் சுற்றி வந்தேன். ஒரே கதவு. ஜன்னல் பூனை நுழையாத அளவு. பின்பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த தேவதர்ஷினி குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் சார். அம்மா ஆட்டைக் கட்டப் போறப்ப உள்ள பூந்து, சோத்தை நாய்க்குப் போட்டுட்டு, தட்டைக் கழுவி வச்சுடுவேன். சோறு அப்படியே கெடந்தா அம்மா மூஞ்சியப் பாக்க முடியாது."

"இதையே ஆதிமூலத்துகிட்ட சொல்லிடேன். கல்யாணம் நிக்காது."

"அம்மா காதுக்குப் போவுமே. அதுவும் இல்லாம, கல்யாணப் பேச்சு எடுத்ததும் நிறுத்திட்டேன் சார். தட்டு இன்னும் கழுவித்தான் இருக்குது."

"அம்மாவா இருக்கும்."

"இப்ப கதவத் தெறக்கற வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குந்திகினு இருக்கோம்."

கல்வராயன் மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியது. காசியம்மாள் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். மூவரும் வாசலில் உட்கார்ந்தோம். நாய் எங்கள் காலடியில் படுத்திருந்தது. சற்று நேரத்தில் அது எழுந்து வாலை ஆட்டியபடி, யாருக்கோ வழி விடுவதுபோல ஒதுங்கி நின்றது. கதவு அசையவில்லை. உள்ளே சொம்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. எலி என்று நினைத்துக்கொள்ள முழு மனதோடு முயன்றேன்.

"கொழம்புல உப்பு கம்மியாப் போச்சோ," என்றாள் காசியம்மாள், தனக்குத்தானே.

கதவைத் திறந்தபோது தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. விளிம்பில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆதிமூலம் போன் செய்தார். "இன்னா சார், பேயா இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

நான் சொட்டுகிற தட்டைப் பார்த்தேன். தேவதர்ஷினி போனை வாங்கிக்கொண்டாள். "மாமா, பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் சோத்தை நாய்க்குப் போட்டுட்டுக் கழுவி வைக்கறேன்." அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள்.

அவர் சிரிப்பது எங்களுக்கே கேட்டது. "இவ்ளோதானாம்மா? அப்ப ஆவணியிலயே வச்சுக்கலாம்."

காசியம்மாள் தட்டை எடுத்து ஈரத்தைத் துடைத்தாள்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமா. இப்பதான் நிறுத்தினேன்."

"சரி. நாய்க்குப் போட்டது அவரு சோறு. அதுல ஒரு வேளையாவது உன் கையால அவருக்குப் போட்டுடணும்."

"போடறேம்மா."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சென்ற மாதம் களமருதூர் பக்கம் போனபோது தேவதர்ஷினியைப் பார்த்தேன். புகுந்த வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். அம்மா சொன்ன அந்த ஒரு வேளைச் சோற்றைப் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

அவள் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னும் இல்ல சார். போட்டா வந்துடுவாரோன்னு பயமா இருக்குது."