குறிப்புக்கு இடம் போதவில்லை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பொறுப்பாளரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. முகத்துக்கு முன்னால் 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'ம்ம் சார்'. எண்ணூறு விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கிவிட்டு, "சார், எல்லாம் ரெடி" என்று போய் நின்றால், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து "ம்ம்" என்பார். அதற்கு மேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர்போல நகர்ந்துவிடுவார்.

மனிதர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாரையும் கடிந்து பேசியதில்லை, யார் லீவு கேட்டாலும் மறுத்ததில்லை. அவருடைய சித்தாந்தமே வேறு: குறை இருந்தால்தான் பேச வேண்டும், பேசவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டியது கேட்பவர் பொறுப்பு. இந்தச் சித்தாந்தத்தை அவர் யாரிடமும் சொன்னதுமில்லை. சொன்னால்தான் பேச்சாகிவிடுமே!

வருடத்துக்கு ஒருமுறை ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு படிவம் நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். அதில் 'பொறுப்பாளரின் குறிப்பு' என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் அவர் பதினொரு வருடமாக எழுதிவந்தது ஒரே ஒரு வார்த்தை: 'திருப்தி'. இருபத்திரண்டு பேருக்கும் அதே திருப்தி. எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது.

வீட்டிலும் இதே கதைதான். ஆனால் அவர் மனைவி கெட்டிக்காரி. முப்பது வருடத்தில் அந்த 'ம்ம்'முக்கே ஒரு அகராதி போட்டு வைத்திருந்தாள்.

"குட்டையா வந்தா உப்பு கம்மி. நடுத்தரமா வந்தா பரவாயில்ல. கொஞ்சம் இழுத்து, கடைசியில லேசா மேல ஏறுச்சுன்னா அன்னிக்கு நான்தாங்க ராணி" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, "ஆனா உங்ககிட்ட வேலை பார்க்கிற இருபத்திரண்டு பேரும் உங்களைக் கல்யாணமா பண்ணியிருக்காங்க, இதையெல்லாம் கத்துக்க?" என்றும் கேட்பாள்.

அதற்கும் அவர் "ம்ம்" என்றுதான் சொல்வார்.

மேலதிகாரிகளுக்கு ஒருநாள் ஞானோதயம் பிறந்தது. எல்லாப் பிரிவுப் பொறுப்பாளர்களையும் ஏசி அறையில் உட்காரவைத்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சாரம் இவ்வளவுதான்: தினமும் ஒருவரையாவது மனம்விட்டுப் பாராட்டுங்கள். ம்ம் சார் சொன்ன வேலையைத் தட்டாதவர். திரும்பி வந்ததும் அடிக்கோல் வைத்து ஒரு அட்டவணை போட்டார். திங்கள், இஸ்திரி உருளைக்காரர். செவ்வாய், மடிப்பக்கா. புதன், தள்ளுவண்டிக்காரர். இப்படியே இருபத்திரண்டு பேருக்கும் நாள் ஒதுக்கிவிட்டு, பயிற்சியில் கொடுத்த தாளிலிருந்து இரண்டு வாக்கியங்களை எடுத்து மனப்பாடம் செய்துகொண்டார்.

திங்கட்கிழமை உருளைக்காரரிடம் போய் நின்று ஒப்பித்தார். உருளைக்காரர் சும்மாவே வாயாடி. அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாருக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று மற்றவர்களிடம் போய்ச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பாய்லர் படுத்துவிட்டது. பாய்லர் இல்லையென்றால் நீராவி இல்லை. நீராவி இல்லையென்றால் வெந்நீர் இல்லை, உலர்த்தியும் ஓடாது, உருளையும் சுற்றாது. ஈரத் துணி மலைபோலக் கிடக்க, மொத்தப் பிரிவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மடிப்பதற்கு ஒரு தலையணை உறைகூட வரவில்லை. மடிப்பு மேசை துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மடிப்பக்கா உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் பதினைந்து வருடமாக நின்றே வேலை பார்த்தவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அட்டவணையில் செவ்வாய் என்றால் மடிப்பக்காதான். ம்ம் சார் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"உங்களுடைய இன்றைய உழைப்பு மகத்தானது. நிர்வாகத்தின் சார்பில் மனமாரப் பாராட்டுகிறேன்."

உருளைக்காரருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. மடிப்பக்கா மெதுவாகக் காலி மேசையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எந்த உழைப்பு சார்?"

ம்ம் சாரும் அப்போதுதான் மேசையைப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார். "ம்ம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அவர் கதவைச் சாத்தியதுதான் தாமதம், வெளியே எழுந்த சிரிப்பு தொட்டியில் இருந்த தண்ணீரையே ஆட்டியிருக்கும். மடிப்பக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ம்ம் சாரின் மேசைமேல் மடிப்பக்கா நிரப்பிய ஒரு இடமாற்றப் படிவம் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கட்டடம் கட்டியிருந்தார்கள். அங்கே மடிப்புப் பகுதிக்குத் தலைமை வகிக்க ஆள் தேவை. விருப்பம் உள்ளவர்கள் பொறுப்பாளரின் குறிப்போடு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

"ஏம்மா, இங்க என்ன குறை?" அவர் வாயிலிருந்து அத்தனை சொற்கள் ஒன்றாக வந்ததே அதிசயம்.

"குறையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பதினொரு வருஷத்துல முதல்தடவையா நேத்துதான் பாராட்டுனீங்க. அதுவும் நான் சும்மா உக்காந்திருந்த அன்னிக்கு." மடிப்பக்காவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது. "நான் செஞ்சாலும் செய்யாட்டியும் உங்களுக்கு ஒண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சு. அங்க போனா ஏசியாவது இருக்கும்."

அன்று முழுவதும் அவருக்கு வேலையே ஓடவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினார். பாய்லர் இடத்துக்கு வந்தபோது அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, அது போகட்டும். அந்த அக்கா வேலை எப்படி?"

அவர் சொல்லத் தொடங்கினார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். அடுப்பில் பால் பொங்கியதை இருவரும் கவனிக்கவில்லை.

"அடப்பாவி மனுஷா, இவ்வளவும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா ஊமை மாதிரி இருந்தீங்க? என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நானா அங்க துணி மடிக்கிறேன்?" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உருளைக்காரர் கதவோரம் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"சார், அக்கா போயிட்டா நாம நாறிடுவோம். காதும் காதும் வெச்ச மாதிரி ஒரு வேலை பண்ணுங்க. குறிப்புல 'சுமார்'னு எழுதிடுங்க. அந்தப் பக்கம் எடுக்க மாட்டாங்க. அக்கா நம்மகிட்டயே இருந்துடுவாங்க."

சபலம் தட்டத்தான் செய்தது. ஒரு வார்த்தை. 'திருப்தி'யைவிட அது சின்ன வார்த்தை. நல்லதாக எழுதினால் புதிய கட்டடத்துக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்பது அவருக்குத் தெரியாதா? பேனாவைத் திறந்தார். கண்ணாடி வழியே மடிப்பு மேசை தெரிந்தது. பாய்லர் சரியாகி, இரண்டு நாள் துணியும் ஒன்றாக வந்து குவிந்திருந்தது. மடிப்பக்கா ஒரு பழைய விரிப்பை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து, தனியே இருந்த சின்ன அடுக்கின்மேல் வைத்தார். போகப்போகிற நேரத்திலும் அதைச் செய்கிறாரே என்று நினைத்தபோது ம்ம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதினார். இரண்டே வரியில் கட்டம் நிறைந்தது. ஓரத்தில் எழுதினார். தாளைத் திருப்பி எழுதினார். அதுவும் போதாமல் இன்னொரு தாள் எடுத்து ஊசி குத்தினார்.

குறிப்பை ஊழியர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அலுவலகத்தில் வாங்குவார்கள். மூன்றரை மணிக்கு மடிப்பக்காவைக் கூப்பிட்டு நீட்டினார். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, 'திருப்தி'யைத் தேடினார். காணவில்லை. படிக்க ஆரம்பித்தார்.

'ஆபரேஷன் அறைத் துணியை இவர் மடிக்கும்போது ஒரு மூலையை மட்டும் வெளியே விட்டுவைக்கிறார். உள்பக்கத்தில் கை படாமல் ஒரே இழுப்பில் விரித்துவிடலாம். இதை இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நோயாளிகளின் சட்டை நாடாக்கள் மெஷினில் சிக்கிக்கொண்டால் கத்தரிக்கோலால் வெட்டுவது வழக்கம். இவர் விரலால் பிரித்துவிடுகிறார். இவர் இருப்பதால் இங்கே கத்தரிக்கோல் துருப்பிடித்துக் கிடக்கிறது.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய விரிப்புகளைத் தனியே சேர்த்து, பிறந்த குழந்தைகள் வார்டுக்கு அனுப்புகிறார். புதியதையே அனுப்பினாலும் கேட்பார் யாரும் இல்லை. எட்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒருநாள்கூட விட்டதில்லை.

இவர் லீவு போட்டால் அடுக்குகள் சாய்கின்றன. எல்லோரும் போன பிறகு நான்தான் நிமிர்த்தி வைக்கிறேன். இவர் வைப்பது போல எனக்கு வரவில்லை.'

மடிப்பக்காவுக்கு எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பினார். படிப்பதைத் திடீரென்று நிறுத்தினார்.

"சார், இது தப்பு. ஸ்ட்ரெச்சர் விரிப்பை மடிக்காம சுருட்டி வைக்கிறது என் யோசனைன்னு எழுதியிருக்கீங்க. அது உருளையண்ணன் சொன்னது."

"அப்படியா?" ம்ம் சார் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். கதவோரம் நின்ற உருளைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"சார், அடிச்சா மட்டும் போதுமா? எனக்கும் ஒரு தாள் எழுதுங்க. பின்பக்கம் வரைக்கும் வரணும்!"

"எழுதுறேன். அந்த உருளையில பதினோரு வருஷமா ஒரு துணிகூட தீயலையே, அதையும் எழுதுறேன்" என்றார் ம்ம் சார். உருளைக்காரருக்கு வாயடைத்துப் போனது. அப்படி ஒரு காட்சியை அந்தப் பிரிவு அதுவரை கண்டதில்லை.

மடிப்பக்கா கடைசி வரிக்கு வந்திருந்தார். 'இவரை அனுப்ப எனக்கு மனம் இல்லை. ஆனாலும் பொய் எழுதக் கை வரவில்லை. புதிய கட்டடத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.'

தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். சுவர்க் கடிகாரத்தில் நான்காக ஏழு நிமிடம் இருந்தது. அலுவலகத்துக்கு இரண்டு மாடி ஏற வேண்டும்.

"இதெல்லாம் எப்ப சார் பார்த்தீங்க?"

"தினமும்தாம்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்" என்றார் அவர். "தப்பு என்னோடதுதான். போங்க, நேரமாகுது. கதவைச் சாத்திடுவாங்க."

மடிப்பக்கா வாசல்வரை போனார். நின்று திரும்பினார்.

"சார், இந்தத் தாளை அங்க குடுத்தா திருப்பித் தருவாங்களா?"

"எப்படித் தருவாங்க? ஃபைல்ல போயிடும்."

"வீட்டுல காட்டணுமே. எம் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டணும். எங்க மாமியாருக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டணும்."

மடிப்பக்கா மேசைக்குத் திரும்பி வந்து இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்து மடித்தார். ஒரு மூலையை மட்டும் வெளியே விட்டார். கைப்பையைத் திறந்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்.

"அப்ப குடுக்க மாட்டேன்" என்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்து, "ரெண்டு நாள் துணி கெடக்கு, எல்லாரும் நின்னு வேடிக்கை பாத்தா ஆச்சா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு மடிப்பு மேசைக்குப் போனார்.

ம்ம் சாருக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. வாயைத் திறந்தார். வந்தது "ம்ம்" மட்டும்தான். ஆனால் அது நீளமாக இழுத்து, கடைசியில் லேசாக மேலே ஏறியது. உருளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மடிப்பக்கா ஒரு விரிப்பை உதறிக்கொண்டே திரும்பிப் பார்த்து, அதே மாதிரி இழுத்து "ம்ம்" என்றார்.