கால்வாய் முகப்பில் கிடந்த பை

"நம்ம குப்பை கமிஷனர் போய்ட்டாங்க."

தனலட்சுமி அக்கா இறந்த செய்தி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இப்படித்தான் வந்தது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். அடுத்தடுத்துக் கைகூப்பும் படங்கள் விழுந்தன. செய்தி போட்டவருக்குக் கேலி செய்யும் எண்ணம் இல்லை. அக்காவைத் தெரு அந்தப் பெயரில்தான் அறிந்திருந்தது. பெயரை வைத்தவன் நான்.

மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மடியில் பாதி முடிந்த புடவையோடு சுவரில் சாய்ந்திருந்தாராம்.

கண்ணமங்கலத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவர். நெய்து இறக்கிய பட்டுப்புடவையின் முந்தானை நூல்களை முடிந்து குஞ்சம் கட்டுவது அவர் வேலை. தெருவின் எல்லாத் தறிப் புடவைகளும் அவர் கைக்குப் போய்த்தான் கடைக்குப் போகும். இந்த வாரம் எந்த வீட்டுத் தறியில் எந்த நிறம் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. இது முக்கியம். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

தெருக்கோடியில் மழைநீர்க் கால்வாய் தொடங்கும் இடத்தில் நாங்கள் எல்லோரும் குப்பை கொட்டினோம். மழை வந்தால் அது அடைத்துக்கொள்ளும். தண்ணீர் திரும்பி வந்து, பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் தறிக்குழிக்குள் இறங்கும். கால் வைத்து மிதிக்க முடியாமல் நாள்கணக்கில் தறி நிற்கும். அக்கா வீடு மேட்டில் இருந்தது. அவர் வீட்டில் தறியே கிடையாது. ஆனாலும் மனு கொடுக்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். 'மக்கள் விரோதப் போக்கு', 'அலட்சியத்தின் உச்சம்' என்று என்னிடம் இருந்த சரக்கையெல்லாம் இறக்கினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா தம்பி, இது மனுவா, மேடைப் பேச்சா? திட்டணும்னா நேரா போய் திட்டிட்டு வந்துடலாம். அதுக்கு எதுக்கு பேப்பரு? குப்பய எடுக்கணும், வண்டி வரணும். அத்த மட்டும் எழுது."

அந்த மனுவுக்கு நகராட்சி அசைந்து கொடுத்தது. குப்பையைப் பிரித்துக் கொடுத்தால் தினமும் பேட்டரி வண்டி அனுப்புகிறோம், சில மாதம் பார்ப்போம் என்றார்கள். அக்கா விடிந்ததும் வீடு வீடாகப் போனார். "சோத்த தனியா போடுங்க, கவர தனியா போடுங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

"எங்க வூட்டு மாப்பிள்ள கூட இத்தினி கேள்வி கேட்டதில்லக்கா, பேஜார் பண்ணாத" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மாப்பிள்ள குப்ப அள்ளமாட்டாரு. அதான் கேக்கல."

இரண்டு கையிலும் வாளியோடு அவர் நிற்பதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். 'குப்பை கமிஷனர் ரோந்து வர்றாங்க, உஷார்!' என்று கீழே எழுதினேன். தெருவே சிரித்தது. "கமிஷனருக்கு ஜீப்பு இல்லியா தம்பி?" என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

வண்டி ஆறரைக்கு வரும். நான் எழுந்திருப்பது எட்டுக்கு. வீட்டுக் குப்பையைக் கொடுப்பது என் பொறுப்பு. கடைக்குப் போகிற அவசரத்தில், பைக்கை நிறுத்தாமலே பையைக் கால்வாய் முகப்பில் எறிந்துவிட்டுப் போவேன். ஒரு நாள் அல்ல, பல நாள். நகராட்சியைக் கிழித்துப் பதிவு போட்ட மறுநாள் காலையிலும் எறிந்திருக்கிறேன்.

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. முகப்பில் இன்னும் குப்பை விழுகிறது, அங்கே ஒரு தடுப்புக் கம்பி வேண்டும் என்று கேட்க அக்கா எழுந்தார். ஆதாரத்துக்கு அன்று காலை அங்கிருந்து ஒரு பையை எடுத்து வந்திருந்தார்.

"வண்டி உட்டும் கொட்றாங்கன்னா யாரும்மா அது? பேர சொல்லுங்க, நடவடிக்கை எடுக்கறோம்" என்றார் சுகாதார ஆய்வாளர்.

அக்கா பையை அவிழ்த்தார். பழைய சோற்றுக்கு மேலே சிக்கெடுக்க முடியாத பட்டு நூல் சுருணை. வெங்காயத்தோல் நிறம், கூடவே மயில்கழுத்து. ஒரு கல்யாணத்துக்காகத் தனியாக நெய்யச் சொன்ன புடவையின் நூல் அது. அந்த இரண்டு நிறமும் அந்த மாதம் ஒரே ஒரு தறியில்தான் ஓடியது. எங்கள் வீட்டுத் தறி.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பையை மறுபடி இறுக்கி முடிந்தார்.

"எங்க தெரு குப்பதாங்க சார்."

"தெருவுக்கு நோட்டீஸ் குடுக்க முடியுமா? ஆள சொல்லுங்க."

"எல்லாரும்தாங்க."

"கமிஷனர் வூட்டு குப்பயா இருக்கும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில வாரங்களில் பதில் வந்தது: 'தெருவாசிகளே குப்பை கொட்டுவதாக மனுதாரர் ஒப்புக்கொண்டதால் மனு முடித்து வைக்கப்பட்டது.' வண்டியும் நின்றுபோனது. வேலையை நிறுத்த அலுவலகங்கள் காரணம் தேடிக்கொண்டே இருக்கும். அந்தக் காரணத்தைக் கட்டிக் கொடுத்தது என் கை.

அந்தக் கடிதத்தை நகல் எடுக்க அக்கா கடைக்கு வந்தார். இயந்திரம் ஓடும்போது வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க வூட்டு வெங்காயத்தோல் புடவ முடிஞ்சிச்சி தம்பி. சாயங்காலம் வந்து வாங்கினு போ."

அவ்வளவுதான். நான் போகவில்லை. அம்மாவை அனுப்பினேன்.

அவர் நகலை எடுத்துக்கொண்டு, அசலை இயந்திரத்தின் கண்ணாடி மேலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். திருப்பிக் கொடுக்க அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மூன்று மாதம் அது அங்கேயே கிடந்தது. பிறகு கொடுப்பதற்கு அவர் இல்லை.

சாவுக்குத் தெருவே திரண்டது. முக்கில் பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். காரியம் முடிந்த மறுநாள் பிளாஸ்டிக் டம்ளர்கள், மாலைகள், இலைகள் எல்லாம் கால்வாய் முகப்பில் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அந்த பேனர், அக்காவின் முகம் மேலே தெரியும்படி. யார் எறிந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க எனக்கு யோக்கியதை எங்கே இருக்கிறது?

பேனரை எடுத்து மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போன திங்கட்கிழமை அதே கோரிக்கையோடு ஒரு மனு கொடுத்தேன். வாங்கியவர் முதல் வரியில் விரல் வைத்தார். "இது எதுக்குப்பா? அடிச்சிட்டு குடு. இல்லன்னா உன் மேலயே வரும்."

"வரட்டும் சார்" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் மறந்துவிட்டுப் போன அந்த ஒரு தாள். என் மனுவின் நகலை அதன் பின்னால் வைத்துக் குத்தியிருக்கிறேன். அதில் திட்டு எதுவும் இல்லை. குப்பையை எடுக்க வேண்டும், வண்டி வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேலே, முதல் வரி: 'கால்வாய் முகப்பில் குப்பை கொட்டியவர்களில் நான் ஒருவன். என் பெயரும் கதவு எண்ணும் கீழே உள்ளன.'