கூடைக்குப் பின்னால் செல்வின்

இன்று காலை வரப்பில் உட்கார்ந்து அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டத்தின் ஸ்கோர் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் வயலில் வீடியோ ஓடாது, எண்கள் மட்டும் வரும். அதை வைத்தே ஆட்டத்தை மனதில் ஓட்டிக்கொள்வேன்.

எங்கள் டீம் ஒரே பாயிண்டில் தோல்வி. யாரும் மறிக்காமல் கூடையில் போடக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் கேப்டன் விட்டிருக்கிறார். லேசில் விடுகிற ஆளே இல்லை.

புலம்புவதற்குச் செல்வினைக் கூப்பிட்டேன். தஞ்சாவூர் சர்ச் மைதானத்தில் என்னோடு ஆடியவன், இப்போது அமெரிக்காவில் ஐடி வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்கள் இருவருக்கும் இந்த டீம்தான்.

"மாப்ள, நான் ஸ்டேடியத்துலதான் இருக்கேன்! கூடைக்குப் பின்னாடியே சீட்டு!"

"அப்ப சொல்லு, கேப்டன் எப்படிடா ரெண்டையும் விட்டாரு?"

"குறி தப்புற மாதிரி நாங்க போட்ட கூச்சல் அப்படி! என் தொண்டையே போச்சு."

"நீ எதுக்குடா கூச்சல் போட்ட?"

"என் பசங்க இந்த ஊரு டீம் பக்கம்டா. நானும் மாறிட்டேன்."

அடப்பாவி! அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோதுகூட நான் வாழ்த்துத்தான் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறானாம். சர்ச் மைதானத்தில் என் பக்கம்தான் ஆடுவானாம்.

சேர்த்துக்கொள்ளட்டுமா, இல்லை கூடைக்குப் பின்னால் நிற்க வைக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க.