அழிக்காமல் விட்ட வட்டம்

அந்த மெக்கானிக்கைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தெருவுக்கே அவர் 'இன்னொருதடவை'தான். பிளக் மாட்டினாலும் இன்னொரு தடவை பார்ப்பார், வீட்டைப் பூட்டினாலும் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். வண்டியைப் பிரித்தால், கழற்றிய சாமானையும் மாட்டப்போகும் சாமானையும் தகரப் பலகையில் வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவார். மாட்டியபின் இரண்டாம் முறையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வட்டத்தை அழிப்பார். தெருவே சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது அவர் மனைவி.

அவள் நர்ஸ். மலைப்பாதையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கு இருந்தது மாமனார் காலத்து மோட்டார்சைக்கிள். கொஞ்ச நாளாக அது ஆயிலைக் கக்கிக்கொண்டிருந்தது. அன்று காலை எஞ்சினின் மேல்பக்கத்துச் சின்ன மூடியைத் திறந்தார். எஞ்சின் மூச்சுவிடும் துளை இரண்டிலும் கம்பி வலையே இல்லை! எந்தப் புண்ணியவான் கழற்றி எறிந்தானோ. வாயில் வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டே புது வலையை வட்டமாக வெட்டி வைத்தார். நழுவாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஸ்பிரிங் வளையத்தைத் துளை விளிம்பிலிருந்த பள்ளத்தில் அழுத்தினார்.

"என்னங்க, முடிஞ்சுதா? டூட்டிக்கு நேரமாச்சு!"

"இரு, இன்னொரு தடவை..."

"நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்டே வந்துடும். மூடுங்க சாமி!"

மூடினார். கட்டினவளிடம் காலையிலேயே எவ்வளவுதான் பேச்சு வாங்குவது? அவள் கிளம்பிவிட்டாள்.

டீ குடித்துவிட்டு வந்து பலகையைத் துடைக்கப் போனவர் துணியும் கையுமாக நின்றுவிட்டார். ஒரு வட்டம் அழியாமல் கிடந்தது. இரண்டாவது வளையத்தின் வட்டம். வளையம் வண்டியில்தான் இருக்கிறது, ஆனால் அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று அவர் தொட்டுப் பார்க்கவில்லை. உட்காராத வளையம் குலுங்கிக் குலுங்கி, வலையையும் நழுவவிட்டுத் துளைக்குள் விழும். விழுந்து பல்சக்கரத்தில் சிக்கினால் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். அதுவும் இறக்கத்தில், வளைவில்!

போன் போட்டார். அது சமையலறையில் அடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், மகராசி.

பக்கத்துக் கடை டெய்லரின் ஸ்கூட்டர் வெளியே நின்றது.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"சாவியக் குடுப்பா!"

"பிரேக்கு கொஞ்சம்..."

"குடுன்னா குடு!"

எதையும் பார்க்காமல் அவர் வண்டி எடுத்தது வாழ்க்கையிலேயே அன்றுதான். ஒவ்வொரு வளைவிலும் முதலில் ரோட்டைப் பார்த்தார், பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தையும் பார்த்தார். உள்ளங்கை வேர்த்து ஆக்ஸிலேட்டர் வழுக்கியது. ஐயோ, ஒரு பேச்சுக்குப் பயந்து அவளை இப்படி அனுப்பிவிட்டேனே, நான் மனுஷனா என்று வாய்விட்டே புலம்பினார்.

ஒரு வளைவு தாண்டியதும் மோட்டார்சைக்கிள் ஓரமாக நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. அவருக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, சுவர் நிழலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்லையே. நல்லாத்தான் ஓடிச்சு."

"பின்ன ஏன் நிறுத்தின?"

"நீங்க இன்னொரு தடவை பாக்கலைன்னு திடீர்னு ஞாபகம் வந்துச்சு. அப்படியே ஓரங்கட்டிட்டேன். இவ்வளவு நாளா தைரியமா ஓட்டுறேன்னு நெனச்சிட்டு இருந்தேங்க. எல்லாம் நீங்க பாத்திருப்பீங்கங்கிற தைரியம்தான்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து மூடியைத் திறந்தார். வளையம் பள்ளத்தைவிட்டு எழும்பி, வலை ஒருபக்கம் சரிந்து, வளையத்தின் ஒரு முனை துளைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு குலுக்கல் போதும், உள்ளே போயிருக்கும். அவளும் எட்டிப் பார்த்தாள்.

அவர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து, வலையை நேராக்கி, திரும்ப வைத்து, 'டக்'கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். மூடியைக் கையில் எடுத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க. இன்னொரு தடவை பாருங்க."

அவர் குனிந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. விரலால்தான் தடவிப் பார்த்தார்.